காதல் நகைச்சுவைப் படங்களில் இனம், வர்க்கம், அடையாளம்: முதல்முறை எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காதல் நகைச்சுவைப் படங்களை எல்லோரும்தான் பார்க்கிறோம். அவற்றைப் பற்றி எழுத உட்காரும்போது மட்டும் கை ஓடாது. இந்தப் படங்களில் இனமும் வர்க்கமும் பண்பாட்டு அடையாளமும் எப்படி வருகின்றன என்று கல்லூரியில் ஆய்வுத்தாள் கேட்டிருப்பார்கள், அல்லது ஓர் இதழ் கட்டுரை கேட்டிருக்கும், இல்லையென்றால் திரைப்படச் சங்கத்தில் பேசுவதாக நீங்களே வாய்விட்டு ஒப்புக்கொண்டிருப்பீர்கள். தலைப்பைப் பார்த்தால் எளிது போலத் தோன்றும். இறங்கிய பிறகுதான் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தலை சுற்றும்.

இந்த வேலையில் தட்டுத் தடுமாறித்தான் எனக்கு ஒரு வழி பிடிபட்டது. அதை வரிசையாகச் சொல்கிறேன். காதல் நகைச்சுவையின் வரலாறு இங்கே வராது. எந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது, என்ன ஆவணம் சேர்ப்பது, பணமும் நேரமும் எங்கே வீணாகும் என்பது மட்டும்தான். மொத்தத்தையும் ஒரே வரியில் கேட்டால்: முத்தத்தைப் பார்க்காதீர்கள், பில்லைப் பாருங்கள். இந்தப் படங்களில் இனச் சிக்கல் என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி பணத்தாலும் வீட்டாலும் தீர்மானிக்கப்படுகிறது. ஐந்தாம் படிக்கு வரும்போது இது தெளிவாகும்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

'நவீன காதல் நகைச்சுவைகளில் அடையாளம்' என்பது தலைப்பு, கேள்வி இல்லை. அதை வைத்துக்கொண்டு எழுதினால் படத்துக்கு ஒரு பத்தி வீதம் கதைச்சுருக்கம்தான் வரும். 'ஆமாம்' என்றும் 'இல்லை' என்றும் இரண்டு பக்கமும் வாதிடக்கூடிய ஒரு கேள்வி வேண்டும். உதாரணமாக: காதலர் இருவரும் ஒரே இனமாக இருக்கும்போது தடையாக வருவது எது? வேற்றினத் திருமணப் படங்களில் விட்டுக்கொடுப்பது எந்தப் பக்கம்? பணக்காரக் குடும்பத்தை எதிர்க்கும் கதாநாயகி கடைசியில் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே போய்ச் சேர்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு தாளில் எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் படம் சுவாரசியமாகப் போகும்போது கேள்வி மறந்துபோகும்.

2. மூன்று படம் போதும்

பத்துப் படம் எடுத்தவர்கள் பாதியில் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று போதும், ஆனால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. நான் சொல்லும் கணக்கு இது: இனமும் வர்க்கமும் சேர்ந்து மோதும் படம் ஒன்று, இனம் ஒன்றாக இருந்து வர்க்கம் மட்டும் பிரிக்கும் படம் ஒன்று, இரண்டுமே தடையாக இல்லாத படம் ஒன்று. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

முதல் வகைக்கு 'தி பிக் சிக்' (2017). சிகாகோவில் மேடை நகைச்சுவை செய்யும் பாகிஸ்தானிய அமெரிக்க இளைஞன், வெள்ளைக்காரக் காதலி, அவள் கோமாவில் விழுந்த பிறகு மருத்துவமனையில் அவளுடைய பெற்றோரோடு அவன் கழிக்கும் நாட்கள். 'சம்திங் நியூ' (2006) இன்னும் நல்ல தேர்வு என்பேன், பலர் அதைத் தவறவிடுகிறார்கள். அதில் கறுப்பினக் கதாநாயகி கணக்கியலில் உயர்ந்த பதவியில் இருக்கிறாள், வெள்ளைக்காரக் கதாநாயகன் தோட்டம் அமைப்பவன். இனத்தில் அவன் மேலே, வேலையில் அவள் மேலே. ஒரே காட்சியில் இரண்டு ஏணியையும் பார்க்கலாம்.

இரண்டாம் வகைக்கு 'ஆல்வேஸ் பி மை மேபி' (2019). சான் பிரான்சிஸ்கோவில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த இரண்டு ஆசிய அமெரிக்கர்கள். அவள் புகழ்பெற்ற சமையல் கலைஞர் ஆகிவிட்டாள், அவன் அப்பாவோடு சேர்ந்து ஏசி, ஹீட்டர் பழுதுபார்க்கப் போகிறான். 'க்ரேஸி ரிச் ஏஷியன்ஸ்' (2018) படமும் இதே வகைதான், ஆனால் அதில் இன்னொரு கோடும் உண்டு: ஆசியாவில் வளர்ந்தவர், அமெரிக்காவில் வளர்ந்தவர் என்ற பிரிவு.

மூன்றாம் வகைக்கு 'ரை லேன்' (2023). தெற்கு லண்டனில் ஒரே நாளில் நடக்கும் கதை, காதலர் இருவரும் கறுப்பினத்தவர். அவர்களுடைய பிரச்சினை பழைய காதல், இனம் அல்ல. 82 நிமிடம்தான், சீக்கிரம் முடிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தொடரைச் சேர்க்கலாம் என்று ஆசை வரும். தமிழ் வாசகர்களுக்கு 'நெவர் ஹாவ் ஐ எவர்' உடனே நினைவுக்கு வரும், கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண்ணின் கதை அல்லவா. ஆனால் 2020 முதல் 2023 வரை வந்த அந்தத் தொடரில் நான்கு பருவம், 40 பகுதி. பகுதிக்கு அரை மணி என்று வைத்தாலும் ஒரு முறை பார்த்து முடிக்கவே 20 மணி நேரம் ஆகும். மூன்று படத்துக்கும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குள்தான் ஆகும். தொடரை எடுத்தால் அதை மட்டும் எடுங்கள், அதிலும் ஒரே பருவம்.

3. எங்கே பார்ப்பது, எவ்வளவு ஆகும்

படங்களை முடிவு செய்வதற்கு முன்பே எது எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் தானே தயாரித்து வெளியிட்டவை அநேகமாக அங்கேயே இருக்கும். மற்றவை நாட்டுக்கு நாடு மாறும், மாதத்துக்கு மாதம் இடமும் மாறும். இரண்டு தளம் தேவைப்பட்டால் இரண்டுக்கும் ஒரே நாளில் சந்தா கட்ட வேண்டாம். ஒரு தளத்தின் படங்களை இரண்டு முறையும் பார்த்து, குறிப்பெடுத்து, சந்தாவை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

வாடகைக்கு எடுப்பது மலிவாகத் தெரியும். ஆனால் பெரும்பாலான தளங்களில் வாடகைப் படத்துக்கு இரண்டு கெடு உண்டு: தொடங்க 30 நாள், தொடங்கியபின் முடிக்க 48 மணி நேரம். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதால் வார இறுதியில் மட்டும் வாடகையைத் தொடங்குங்கள். வெள்ளி இரவு ஒரு முறை, ஞாயிறு காலை இன்னொரு முறை. செவ்வாய்க்கிழமை ஒரு வசனத்தைச் சரிபார்க்கப் போனால் மறுபடி காசு கேட்கும். அப்புறம், நூலகத்தில் டிவிடி கிடைத்தால் விடாதீர்கள். அதில் இயக்குநரின் பேச்சும் நீக்கப்பட்ட காட்சிகளும் இருக்கும், செலவும் இல்லை.

குழுவாகத் திரையிட நினைப்பவர்களுக்கு: உங்கள் சந்தாக் கணக்கு சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. மண்டபத்தில் போட வேண்டுமென்றால் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். நெட்ஃபிளிக்ஸ் தன் ஆவணப்படங்களில் சிலவற்றைக் கல்வி நோக்கில் திரையிட விடுகிறது. காதல் நகைச்சுவைப் படங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

4. முதல் முறை சும்மா பாருங்கள், இரண்டாம் முறை ரிமோட்டோடு

முதல் முறை குறிப்பெடுக்காதீர்கள். எங்கே சிரித்தீர்கள், எங்கே சிரிப்பு வராமல் நெளிந்தீர்கள் என்பதை மட்டும் படம் முடிந்ததும் பத்து வரியில் எழுதிவையுங்கள். நெளிந்த இடங்கள்தான் கட்டுரைக்கு உதவும்.

இரண்டாம் முறை நேரக்குறிப்போடு எழுதுங்கள். ஒரு மணி நேரப் படத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குத் தயாராக இருங்கள். நேரக்குறிப்பில் ஒரு சங்கடம் உண்டு. ஐரோப்பிய டிவிடிக்களில் படம் நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் ஓடுவதால் ஏறக்குறைய 4 சதவீதம் சீக்கிரம் முடியும். இரண்டு மணி நேரப் படத்தில் கிட்டத்தட்ட ஐந்து நிமிட வித்தியாசம். அதனால் எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று குறிப்பின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

வசனத்துக்கு இணையத்தில் கிடைக்கும் சப்டைட்டில் கோப்புகளை நம்பாதீர்கள். யாரோ காதில் கேட்டு அடித்தவை அவை. அதுவும் உருது, கான்டனீஸ் போன்ற வேறு மொழி பேசும் இடங்களில் வெறும் 'வேற்று மொழியில் பேசுகிறார்' என்று போட்டிருப்பார்கள். படமே அந்த இடத்துக்கு மொழிபெயர்ப்பு தருகிறதா, இல்லையா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி. தரவில்லை என்றால் பார்வையாளர்களில் ஒரு பகுதிக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, தளத்தின் அமைப்பில் தானாக அடுத்த படத்துக்குத் தாவுவதை நிறுத்திவையுங்கள். 'தி பிக் சிக்' முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில், தங்கள் சொந்தக் கதையைப் படமாக எழுதிய நிஜத் தம்பதியின் புகைப்படங்கள் வரும். 'க்ரேஸி ரிச் ஏஷியன்ஸ்' பட்டியலின் நடுவே ஒரு சிறு காட்சி உண்டு. தாவிவிட்டால் இரண்டும் போச்சு.

5. பில்லையும் வீட்டையும் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்றதில் நேரம் மிச்சம் பிடித்து இதில் செலவிடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் எடுத்து ஐந்து கேள்வி எழுதுங்கள். யார் பணம் கொடுக்கிறார்? யாருடைய வீட்டில் சந்திக்கிறார்கள்? யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார்? யார் வேலைக்குப் போவதைப் படம் காட்டுகிறது? பின்னணியில் பேசாமல் நிற்பவர் யார்? பதில்களை நேரக்குறிப்போடு நிரப்புங்கள். நிரப்பி முடித்ததும் கட்டுரையில் பாதி கையில் இருக்கும்.

எப்படி வேலை செய்கிறது என்று 'க்ரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தை வைத்துக் காட்டுகிறேன். படம் 1995-இல் லண்டனில் தொடங்குகிறது. மழையில் நனைந்து குழந்தைகளோடு ஒரு பெரிய ஹோட்டலுக்குள் வருகிறார் கதாநாயகனின் தாய் எலினோர். வரவேற்பு மேசையில் இடமில்லை என்கிறார்கள், சைனாடவுன் பக்கம் போய்ப் பாருங்கள் என்கிற தொனியில். அவர் வெளியே போய் ஒரு ஃபோன் செய்கிறார். திரும்பி வரும்போது அந்த ஹோட்டலே அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தம். அரங்கம் கைதட்டும் இடம் இது. தாளில் என்ன எழுதுவீர்கள்? இன அவமானத்துக்குப் படம் தரும் பதில் சட்டம் இல்லை, மன்னிப்பும் இல்லை, காசோலை. அந்த ஃபோன் செய்ய முடியாத குடும்பம் அன்று மழையில்தான் நின்றிருக்கும். படத்தின் முதல் சில நிமிடத்திலேயே இனம் என்ற கேள்வி வர்க்கத்தால் மூடப்பட்டுவிட்டது.

இப்போது அதே எலினோரைக் கடைசிப் பகுதியில் மாஜாங் (காய்களை வைத்து ஆடும் சீன விளையாட்டு) மேசையில் பாருங்கள். எதிரே அவருடைய மகனின் காதலி ரேச்சல், நியூயார்க்கில் பொருளாதாரப் பேராசிரியர், தனித்து வாழ்ந்த தாயின் மகள். காய்களை எடுத்தும் போட்டும் பேசிக்கொண்டே போகிறார்கள். எலினோருக்குத் தேவையான எட்டாம் மூங்கில் காய் ரேச்சல் கையில் வருகிறது. அதை வைத்துக்கொண்டால் ரேச்சலே வெல்லலாம். தெரிந்தே அதைக் கீழே வைக்கிறாள். எலினோர் எடுத்து வெல்கிறார். அப்புறம்தான் ரேச்சல் தன் காய்களைத் திறந்து காட்டிவிட்டு எழுந்து போகிறாள். விளையாட்டின் விதியைப் படம் விளக்குவதே இல்லை. தெரிந்தவர்களுக்கு ஒரு படி கூடுதலாகப் புரியும், தெரியாதவர்கள் முகங்களைப் பார்த்துப் பின்தொடர வேண்டும். மேசையில் பணம் பேசப்படவில்லை, ஆனால் முழுக்க அதுதான்: இல்லாதவள் விட்டுக்கொடுத்து வெல்கிறாள். (அந்தப் படத்தில் வரும் மரகத மோதிரம் நடிகை மிஷெல் இயோவுக்கே சொந்தமானது. கட்டுரைக்கு உதவாது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.)

ஐந்தாம் கேள்விக்கும் இந்தப் படம் பதில் வைத்திருக்கிறது. கதாநாயகனுடைய பாட்டியின் மாளிகை வாசலில் துப்பாக்கியோடு வரும் தலைப்பாகை அணிந்த காவலர்களை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் சீனர்களோடு மலாய்க்காரர்களும் இந்தியர்களும் வாழ்கிறார்கள், ஆனால் படத்தில் அவர்கள் காவலுக்கும் பணிவிடைக்கும்தான் பெரும்பாலும் தெரிகிறார்கள் என்று சிங்கப்பூர்க்காரர்களே குறை சொன்னார்கள். அமெரிக்காவில் சிறுபான்மைக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டாடப்பட்ட படம், கதை நடக்கும் ஊரில் பெரும்பான்மையின் படம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. எழுதும்போது ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கிவிடாதீர்கள்.

'ஆல்வேஸ் பி மை மேபி' படத்தில் சாப்பாட்டைப் பின்தொடர்ந்தால் போதும். சிறுமி சாஷா வீட்டில் யாரும் இல்லாமல் சோறும் டப்பா இறைச்சியும் தானே செய்து சாப்பிடுகிறாள். பக்கத்து வீட்டு மார்க்கஸின் அம்மா அவளுக்குக் கொரியச் சமையல் கற்றுத் தருகிறார். வளர்ந்தபின் அவள் வசதியானவர்களுக்கு அலங்காரமாகச் சமைக்கிறாள். அவளுடைய வட்டாரத்தில் ஓர் உணவகத்தில் மானிறைச்சியைப் பரிமாறும்போது அந்த விலங்கின் சத்தத்தைக் கேட்க ஹெட்ஃபோன் தருகிறார்கள். அந்த மேசையின் பில்லைக் கட்டுவது தன்னையே கேலியாக நடித்திருக்கும் கீனு ரீவ்ஸ். பணக்கார வெள்ளைக்காரர்களுக்காக நம் சாப்பாட்டை மாற்றுகிறாய் என்பது மார்க்கஸின் குற்றச்சாட்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இது பண்பாட்டுச் சண்டை. தாளைப் பார்த்தால், பழுதுபார்க்கும் வண்டியில் வந்து இறங்கியவனுக்கு அவளுடைய வீட்டுக்குள் ஏற்பட்ட கூச்சம் அதற்குப் பத்துக் காட்சி முன்பே தொடங்கிவிட்டது. இதைப் பிடித்தால் உங்கள் கட்டுரை மற்ற விமர்சனங்களிலிருந்து விலகி நிற்கும்.

'ரை லேன்' தாள் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். வருத்தப்படாதீர்கள், அந்தக் காலியிடமே சான்று. யாருடைய பெற்றோரும் நிறத்தைக் கேட்டு வாசலை மறிக்கவில்லை. தெருவும் கடைகளும் அவர்களுடையவை. பிரிட்டிஷ் காதல் நகைச்சுவையின் நிரந்தர முகமான காலின் ஃபர்த் ஒரு சிறு கடையில் புரீட்டோ பரிமாறிவிட்டுப் போகிறார். இந்த முறை கவுன்டருக்கு அந்தப் பக்கம் யார் என்று கவனியுங்கள்.

6. யார் மாறுகிறார் என்று கணக்கெடுங்கள்

இது சின்ன வேலை. தாளை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து, காதலுக்காக யார் எதை விட்டார், யார் எதைக் கற்றார் என்று எழுதுங்கள். 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' (2002) படத்தில் கிரேக்க வம்சாவளிப் பெண்ணை மணக்கும் மாப்பிள்ளை இயன், காற்றடைத்த நீச்சல் தொட்டியில் நின்று கிரேக்க மரபுவழித் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறுகிறார். மாப்பிள்ளையின் அம்மா கொண்டுவரும் நடுவில் ஓட்டை வைத்த கேக் என்னவென்று பெண் வீட்டாருக்குப் புரியாமல், ஓட்டையில் பூந்தொட்டியை வைத்துவிடுகிறார்கள். பெரும்பான்மைப் பக்கம் வளைகிறது, சிறுபான்மைப் பக்கம் வெட்கப்படாமல் இருக்கிறது.

'தி பிக் சிக்' வேறு மாதிரி. தொழப் போகிறேன் என்று கீழ்த்தளத்துக்குப் போய் ஃபோனில் டைமர் வைத்துவிட்டு நேரம் போக்குகிறான் குமைல். அவனுக்குப் பெண் பார்க்கும் பெற்றோர் வீட்டில் இரவு உணவின்போது 'தற்செயலாக' வந்து சேரும் பெண்களின் புகைப்படங்களை ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைக்கிறான். அவன் மாறுவதற்கு என்று ஒன்றும் இல்லை, ஒளிப்பதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெட்டியில் இருக்கும் பெண்கள் பக்கம் நின்றும் பாருங்கள். தெற்காசியப் பெண்கள் வரிசையாக நிராகரிக்கப்படுவதற்கு மட்டும் வருகிறார்கள் என்று தெற்காசியப் பெண் விமர்சகர்கள் எழுதினார்கள். எனக்கு அந்த விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே படுகிறது, படம் பிடித்திருந்தும்கூட.

7. பெயர்ப் பட்டியலைப் படியுங்கள்

ஹாலிவுட் படங்களில் எழுத்தாளர் பெயர்களுக்கு நடுவே '&' குறி இருந்தால் அவர்கள் இணைந்து எழுதினார்கள் என்று பொருள். 'அண்ட்' என்று எழுத்தில் இருந்தால் தனித்தனியாக எழுதினார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் மாற்றியிருக்கலாம். இது எழுத்தாளர் சங்கத்தின் விதி. 'தி பிக் சிக்' எழுதியவர்கள் எமிலி வி. கார்டன், குமைல் நஞ்சியானி. இருவரும் தம்பதி, சொந்தக் கதை, நடுவில் '&'. 'க்ரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் பீட்டர் சியரெல்லி, ஆடெல் லிம் பெயர்களுக்கு நடுவில் 'அண்ட்'. மலேசியாவில் பிறந்த ஆடெல் லிம், அடுத்த பாகத்துக்குத் தனக்குப் பேசப்பட்ட சம்பளம் சக எழுத்தாளருடையதைவிட மிகக் குறைவு என்று அதிலிருந்து விலகிய செய்தி 2019-இல் வெளியானது. வர்க்கத்தைப் பற்றிய படத்தின் சம்பளப் பட்டியலும் அந்தப் படத்தைப் பற்றிய சான்றுதான்.

நடிகர் தேர்வையும் பாருங்கள். 'டு ஆல் த பாய்ஸ் ஐ'வ் லவ்ட் பிஃபோர்' (2018) கதையின் ஆசிரியர் ஜெனி ஹான், கதாநாயகியை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றச் சொன்ன தயாரிப்பாளர்களைப் பற்றி வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அதேபோல நடிகரின் பின்னணியும் பாத்திரத்தின் பின்னணியும் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். 'நெவர் ஹாவ் ஐ எவர்' தேவி இந்தியத் தமிழ்க் குடும்பத்துப் பெண், நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் ஈழத்திலிருந்து கனடா போன குடும்பத்தவர். தமிழ் வாசகர் இதை உடனே பிடித்துவிடுவார்.

8. சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

திரைக்கதை: விருதுக் காலத்தில் ஸ்டுடியோக்கள் தாங்களே பிடிஎஃப் ஆக வெளியிடுவது வழக்கம், அது இலவசம். 'திரைக்கதை' என்று இணையத்தில் கிடைப்பவற்றில் பல, படத்தைப் பார்த்து அடித்த வசனத் தொகுப்புகள். காட்சித் தலைப்பும் விவரிப்பும் இல்லாமல் வெறும் பேச்சு மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அசலாக இருந்தாலும் படப்பிடிப்புக்கு முந்தைய வரைவாக இருக்கலாம். முதல் பக்கத்தில் தேதி பாருங்கள்.

பேட்டிகள்: இயக்குநர், எழுத்தாளர் பேட்டி படத்துக்கு இரண்டு போதும். விளம்பரத்துக்காக வெளியீட்டு வாரத்தில் தந்தவை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு வருடம் கழித்துத் தந்ததைத் தேடுங்கள், வாய் கொஞ்சம் திறந்திருக்கும்.

வசூல் எண்கள்: பாக்ஸ் ஆபிஸ் மோஜோ போன்ற தளத்தில் எடுத்து, பார்த்த தேதியையும் குறியுங்கள். 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' சுமார் 50 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு உலக அளவில் 36 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 'க்ரேஸி ரிச் ஏஷியன்ஸ்' சுமார் 3 கோடியில் எடுத்து ஏறக்குறைய 24 கோடி. வசூலை லாபம் என்று எழுதிவிடாதீர்கள், திரையரங்குகளின் பங்கு போகும், விளம்பரச் செலவு வேறு. நேரடியாக இணையத்தில் வந்த படங்களுக்கு வசூலே கிடையாது. நெட்ஃபிளிக்ஸ் 2023 டிசம்பரிலிருந்து தன் தளத்தின் ஏறக்குறைய எல்லாப் படங்களுக்கும் பார்க்கப்பட்ட மணிநேரக் கணக்கை வெளியிடுகிறது, அதைத் திரையரங்கு வசூலோடு ஒப்பிட முடியாது.

வெளியான ஆண்டு: விழாவில் திரையிட்ட ஆண்டும் திரையரங்குக்கு வந்த ஆண்டும் வேறாக இருக்கும். 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்?' 2022-இல் டொராண்டோ விழாவில் காட்டப்பட்டு 2023-இல்தான் பிரிட்டனில் திரைக்கு வந்தது. எந்த ஆண்டைப் போடுகிறீர்களோ, கட்டுரை முழுக்க அதே முறையில் போடுங்கள்.

9. எழுதும்போது வரும் பொறிகள்

'முதல் படம்' என்ற சொல்லைத் தொடும் முன் இரண்டு முறை யோசியுங்கள். 'க்ரேஸி ரிச் ஏஷியன்ஸ்' பற்றிச் சொல்லப்படுவது, பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ, தற்காலக் கதை, பெரும்பாலும் ஆசிய வம்சாவளி நடிகர்கள், 1993-இன் 'தி ஜாய் லக் கிளப்' படத்துக்குப் பிறகு என்று இத்தனை நிபந்தனையோடு சேர்ந்தது. ஒன்றை எடுத்தாலும் பொய்யாகிவிடும். 2004-இலேயே அலிஸ் வூ 'சேவிங் ஃபேஸ்' எடுத்துவிட்டார்.

கதைச்சுருக்கம் படத்துக்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். ஒரு காட்சியை விரிவாக எடுத்து அலசுவது ஐந்து காட்சியைத் தொட்டுவிட்டுப் போவதைவிட மேல்.

ஒவ்வொரு நகைச்சுவைக்கும் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று கேளுங்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்க வைக்கிறார்களா, அந்த உச்சரிப்பைக் கேட்டுத் தடுமாறுபவரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறார்களா? 'தி பிக் சிக்' படத்தில் காதலியின் அப்பா செப்டம்பர் 11 பற்றிப் பேச்செடுக்கும் இடத்தில் நெளிவது அவரா, குமைலா, நாமா என்று யோசித்தால் இரண்டு பக்கம் எழுதலாம்.

அப்புறம் முடிவு. காதல் நகைச்சுவை என்றால் கடைசியில் சேர்ந்துதான் ஆக வேண்டும், அது வகையின் கட்டாயம். அதனால் சேர்ந்துவிட்டார்கள், ஆகவே இனப் பிரச்சினை தீர்ந்தது என்று படம் சொல்வதாக எழுதாதீர்கள். சேர்ந்த பிறகு எந்த வீட்டில் குடியிருக்கப் போகிறார்கள், அந்த வீட்டை வாங்கித் தருபவர் யார் என்று பாருங்கள். 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' படத்தின் இயன், டூலா ஜோடிக்கு வீடு வாங்கித் தருவது பெண்ணின் அப்பா, அதுவும் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே.

10. எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்

வேலைக்குப் போய்க்கொண்டே செய்வதென்றால் மூன்று வாரம். முதல் வாரம் கேள்வியும், மூன்று படமும் ஒரு முறை பார்ப்பதும். இரண்டாம் வாரம் முழுக்க இரண்டாம் முறைக்கும் தாள்களுக்கும். மூன்றாம் வாரத்தின் முதல் பாதி ஆவணம், மறு பாதி எழுத்து. பலர் ஆவணத்திலிருந்து தொடங்குகிறார்கள். மற்றவர்கள் சொன்னதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் அவர்கள் கண்ணால்தான் பார்ப்பீர்கள்.

11. படங்கள், அனுமதி, கடைசிச் சரிபார்ப்பு

தளத்தில் ஓடும் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும், பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிப் போக முயலாதீர்கள். பத்திரிகைகளுக்கு என்று விநியோக நிறுவனம் தரும் நிழற்படங்கள் இருக்கும், விமர்சனத்துக்கு அவற்றைக் கேட்டு வாங்கலாம். பதில் வர ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், அதாவது எழுதத் தொடங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

வரைவு முடிந்ததும், நீங்கள் எழுதும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரிடம் காட்ட முடிந்தால் காட்டுங்கள். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். 'எந்த வரியில் உங்களுக்கு நெருடியது?' என்று கேளுங்கள். பெயர்களின் உச்சரிப்பையும் அவரிடமே கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நேரக்குறிப்புகளை ஒரு முறை ஒப்பிட்டு, சந்தா முடியும் தேதிக்குள் மேற்கோள் காட்டிய காட்சிகளை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இதழாக இருந்தால் ஐந்தாம் படியில் நிரப்பிய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஆசிரியர் குழுவிலிருந்து சந்தேகம் கேட்டு ஃபோன் வரும்.